சக்கரம் மாறிய நீலக் கார்

சுங்குவார்சத்திரத்தில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் ஒரு அறைக்கு ஆறு பேர். என் கட்டிலுக்கு அடியில் மட்டும் துணிப்பெட்டி கிடையாது. அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, கீழே பொம்மைக் கார்களை அடுக்கியிருந்தேன். 2012 வாக்கில் அது எழுபதைத் தாண்டியிருந்தது.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். கார் ஓட்டவும் தெரியாது, கார் மீது ஆசையும் கிடையாது. படப்பையில் சாலையை அகலப்படுத்துகிறார்கள் என்று ஒரு ஃபேன்சி ஸ்டோரை இடிக்கப் போனார்கள். அங்கே அக்கா மகனுக்கென்று உள்ளங்கை அளவு இரும்புக் கார் ஒன்றை வாங்கினேன். அறைத்தோழி அதன் பெயரை பிரவுசிங் சென்டரில் தட்டிப் பார்த்தாள். அதே பழைய காரை, பிளாஸ்டிக் மூடிய அட்டை பிரிக்காமல் வேண்டும் என்று, ஊர் ஊராக ஆட்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். மறுநாளே போய் அந்தக் கடையில் மிச்சமிருந்த இரண்டு அட்டைப்பெட்டிகளையும் தூக்கிவந்துவிட்டோம்.

பழைய பொருள் விற்கும் இணையதளம் ஒன்றில் படம் போட்டு விற்க ஆரம்பித்தேன். விற்பனை ஒரு சீராக இருக்காது. ஒரு வாரத்தில் எட்டு கார் போகும். பிறகு ஒரு மாதம் எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. அட்டையின் மூலை மடங்கியிருக்கிறது என்று ஒருவர் திருப்பி அனுப்புவார். இன்னொருவர் பத்து நாள் பேரம் பேசிவிட்டுக் காணாமல் போவார்.

ஒருநாள் கார்களைத் துடைத்து அடுக்கும்போது ஒரு நீலக் காரைப் பார்த்தேன். முன்சக்கரம் இரண்டுக்கும் ஐந்து ஆரக்கால். பின்சக்கரம் இரண்டும் ஆரக்காலே இல்லாத வட்டத் தகடு. தயாரிப்பிலேயே மாறிப்போயிருந்தது. கம்பெனியில் நான் பார்த்ததும் அந்த மாதிரி வேலைதான். தப்பான பீஸைத் தள்ளிவைக்க வேண்டும். ஆனால் பொம்மை சேர்ப்பவர்களுக்குத் தப்பான பீஸ்தான் பொக்கிஷம். படத்தைப் போட்ட அன்றே கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், என் ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

அதே நாளில் அதே மாடலில் சாதாரண நீலக் கார் ஒன்றை மறைமலை நகர்க்காரர் கேட்டிருந்தார். மகளின் பிறந்தநாளுக்கு வேண்டும் என்று எழுதியிருந்தார். ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும் என்ற அவசரத்தில், இரண்டையும் ஒரே அளவுப் பெட்டியில் வைத்து, ஒட்டி, முகவரி எழுதி, கூரியரில் கொடுத்துவிட்டு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்து லாக்கரைத் திறந்தால், போனில் கோயம்புத்தூர்க்காரரின் ஒன்பது மிஸ்டு கால். போன் தயாரிக்கிற இடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் ஒன்றும் தெரியவில்லை. கூப்பிட்டேன்.

"ஏனுங்க, நான் கேட்டதென்ன, நீங்க அனுப்பிச்சதென்ன? நாலு சக்கரமும் ஒண்ணாவே இருக்குதுங்க. ஏமாத்தறதுக்கு ஒரு அளவு வேண்டாமுங்களா? புகார் எழுதி வெச்சிருக்கறன். ரெண்டு நாள் பார்த்துட்டு அனுப்பிருவனுங்க."

"மாத்தி அனுப்பிட்டேன் சார், எப்படியாவது வாங்கித் தந்துருதேன்" என்று சொல்லி வைத்தேன். அந்தக் கார் மறைமலை நகருக்குப் போயிருக்கிறது. ஒரு குழந்தையின் கைக்கு. அட்டையைக் கிழித்துவிட்டால் அதன் கதை முடிந்தது. கிழித்ததைக் கோயம்புத்தூர்க்காரர் தொடக்கூட மாட்டார். புகார் போனால் தளத்தில் என் கணக்கை மூடிவிடுவார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால், அது ஏற்கெனவே அப்பாவின் கண் ஆபரேஷனுக்குப் போய்விட்டது.

மறைமலை நகர் எண்ணைக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். சனிக்கிழமை முழுக்க அதே பதில்தான். தோழி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் அரக்கோணம் பக்கம்.

"இன்னாடி, மூஞ்சி இப்டி கீது? அழுதுகினே இருந்தா கார் வந்துருமா? அட்ரஸ்தான் கீதே. நாளைக்கு லீவு. நேரா வூட்டுக்கே பூடலாம்."

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் போய், அங்கிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் போகும் பஸ்ஸைப் பிடித்தோம். பிறகு ஷேர் ஆட்டோ. பையில் மாற்றுக் கொடுக்க இன்னொரு நீலக் கார் வைத்திருந்தேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

வீட்டு வாசலில் வண்ணக் காகிதம் தொங்கியது. பாதி காற்றுப்போன பலூன்கள். பிறந்தநாள் முடிந்துவிட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது. என் கால் அப்படியே நின்றுவிட்டது. தோழிதான் அழைப்புமணியை அடித்தாள்.

கதவைத் திறந்த அம்மாவிடம் பொம்மைக் கார் விற்ற ஆள் நான்தான் என்றேன். அவர் உள்ளே திரும்பி, "ஏங்க, அந்தக் கார் அனுப்பிச்ச பொண்ணு வந்துகீது" என்று குரல் கொடுத்தார்.

கணவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார். "நீதானாமா அது? இன்னா பீஸ்மா அனுப்பிக்கிற? முன்னாடி ஒரு வீலு, பின்னாடி ஒரு வீலு! போன் தண்ணில வுழுந்து செத்துப் போச்சி, இல்லாங்காட்டி அன்னைக்கே கூப்ட்டு கேட்டிருப்பேன்."

"அட்டையைப் பிரிச்சிட்டீங்களா சார்?"

"எதுக்குப் பிரிக்கணும்? நான் கார் கம்பெனில இன்ஸ்பெக்ஷன்ல கீறேன். டிஃபெக்ட் பீஸை எம் பொண்ணுக்குக் குடுப்பனா? திருப்பி அனுப்பலாம்னு மேல தூக்கிப் போட்டுகிறேன்."

நாற்காலி போட்டு ஏறி, பீரோ மேலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு மடிப்புகூட இல்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே புரியவில்லை. அந்த அம்மா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

மாற்றுக் காரைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். மனசு வரவில்லை. இந்தத் தப்புக்காகவே இதற்கு விலை அதிகம் என்று உள்ளதைச் சொன்னேன். தோழி என் முதுகில் கிள்ளினாள். அவர் காரைத் திரும்ப வாங்கி, கண்ணருகே வைத்து, சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். 

"எங்க லைன்ல இப்டி ஒண்ணு வந்தா எனக்கு மெமோ குடுப்பான். இதுக்குப் போய் ஆளுங்க அடிச்சிக்கிறாங்களா?" சத்தமாகச் சிரித்துவிட்டு என் கையில் வைத்தார். "நான் கேட்டது நல்ல காரு. அத்தக் குடு, போதும்."

அதுவரை கதவுக்குப் பின்னால் நின்ற பெண் குழந்தை ஓடிவந்தது. நான் நீட்டிய காரை வாங்கி, ஒரே இழுப்பில் அட்டையைக் கிழித்துத் தரையில் விட்டது. நான் விற்ற கார் ஓடுவதை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். நேராகப் போகாமல் இடதுபக்கம் இழுத்தது. அவள் அப்பாவும் கவனித்தார்; நல்லவேளை, ஒன்றும் சொல்லவில்லை.

தெருவுக்கு வந்ததும் கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். நான் மூச்சுவிடாமல் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அட்டை மடங்கலீங்களே?"

"மடங்கலை சார்."

"அப்பச் செரிங்க. புகாரைக் கிழிச்சுப் போட்டர்றன். அவசரப்படாம நல்லாச் சுத்தி அனுப்புங்க கண்ணு."

மூன்று நாளில் அது போய்ச் சேர்ந்தது. அதன்பிறகும் இரண்டு வருடம், கம்பெனி மூடும்வரை, நான் கார் விற்றேன். கூரியரில் நசுங்கியவை உண்டு, போன இடம் தெரியாதவையும் உண்டு. எதுவும் அந்த இரண்டு நாளைப் போல என்னை ஆட்டிவைக்கவில்லை.

அன்றைக்குச் சிங்கப்பெருமாள் கோவிலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான், வெள்ளிக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது உறைத்தது. எதிரே ஒரு பரோட்டாக் கடை. மூன்றாவது பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்ரீபெரும்புதூர் பஸ் வந்து நின்றது. தோழி எழுந்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, இன்னும் கொஞ்சம் சால்னா கேட்டேன். அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம்.