சூத்திரம் சாரின் விடை

என் அக்காவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுத முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். கையெழுத்து அழகு. அதற்குமேல் எதுவும் தேறவில்லை.

பகலில் ஏதோ அலுவலகத்தில் குமாஸ்தா. மாலையில், தையல்கடை மாடியில் ஓர் அறையில், பள்ளி முடிக்காத பெரியவர்களுக்குத் தேர்வு வகுப்பு. கரும்பலகையில் சூத்திரத்தை எழுதிக் கட்டம் கட்டுவார். அவர்கள் பார்த்து எழுதவேண்டும். அதனால் ‘சூத்திரம் சார்’. யாராவது ஏன் என்று கேட்டால், “ஏன்னு கேட்டா மார்க் வருமா?” என்பார். ஐம்பது வயது லாரி ஓட்டுநரையே கைகட்டி நிற்கவைத்த மனிதர்.

அக்கா மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர். அந்த வருடம் தேறினால் மேற்பார்வையாளர் வேலை. அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். என்னைக் கல்லூரிவரை படிக்கவைத்தவள் அவள்தான். நான் சொல்லித்தருகிறேன் என்றால், “சார்கிட்ட போனாத்தான்டி படிச்ச மாதிரி இருக்கும்” என்பாள். அழைத்துவரப் போகும் நாட்களில் கடைசி பெஞ்சில் காத்திருப்பேன்.

ஒருநாள் விகிதக் கணக்கு. நாற்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு கிருமிநாசினி. ஆறு லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு? சார் ஆறையும் நாற்பதையும் பெருக்கி, இருநூற்று நாற்பது லிட்டர் என்று கட்டம் கட்டினார்.

“சார், வாளியே ஆறு லிட்டர்தானே? நூத்தம்பது மில்லி போதும் சார். தினம் நான்தான் ஊத்துறேன்” என்றாள் அக்கா.

“வாளியை வீட்ல வெச்சுட்டு வாம்மா. இது கணக்கு. தெரிஞ்சா நீயே இங்க வந்து நில்லு.”

“நிக்கட்டுமே சார், எங்களுக்கும் புரியும்” என்றார் ஓட்டுநர். வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை, கட்டத்தை அழிக்கவும் இல்லை. தப்பு என்று ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்குக்கூடத் துணிவு இல்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வில் அதே மாதிரிக் கணக்கு, வேறு எண்களோடு வந்தது. வெளியே வந்தவள், “சார் போட்ட மாதிரியே பெருக்கி எழுதிட்டேன்” என்றாள்.

“உனக்குத்தான் சரியா தெரியுமே, அக்கா!”

“எனக்குத் தெரிஞ்சது வேலைக் கணக்குடி. படிச்சவர் சொன்னா அதுதானே பரீட்சைக் கணக்கு?”

அந்தக் கேள்விக்கு ஐந்து மதிப்பெண். அவள் தவறியது இரண்டு மதிப்பெண்ணில். அக்கா சொன்ன வழியில் போட்டிருந்த ஓட்டுநர் தேறினார். இனிப்போடு வந்தவர் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே நீட்டினார். சார் ஓட்டுநரின் புகைப்படத்தை மாடிப்படியில் மாட்டி, ‘எமது பயிற்சியின் வெற்றி’ என்று அழகான கையெழுத்தில் எழுதிவைத்தார்.

மேற்பார்வையாளர் வேலை வேறொருவருக்குப் போனது. அக்கா பிறகும் மூன்று வருடம், சாகும்வரை, அந்தத் தரைகளைத்தான் துடைத்தாள்.

துக்கத்துக்கு சாரும் வந்தார். உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, “நல்ல பொண்ணு. பாவம், கணக்குதான் கடைசிவரை ஏறல” என்றார்.

அவர் எழுந்து, என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நான் கைகூப்பவில்லை.