சேஷாத்ரி மாமாவின் ஞாபக மாத்திரை

சேஷாத்ரி மாமா ஒரு சொல்லைக்கூட விடாமல் ஒப்பித்த அன்றுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

எழுபதுகளில் மயிலாப்பூர் மருத்துவமனை ஒன்றில் உளவியல் உதவியாளராக இருந்தேன். பிராசிடம் என்ற புதிய மாத்திரை முதியோரின் மறதியைக் குறைக்குமா என்று எங்கள் டாக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. நான் சில சொற்களை வாசிப்பேன். கொஞ்சம் வேறு பேச்சுக் கொடுத்துவிட்டு, நினைவிருப்பவற்றைச் சொல்லச் சொல்வேன்.

மாமா ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். பாண்டி பஜாருக்குப் போனவர் வழி தவறிக் கிண்டியில் நின்றதிலிருந்து, தனியே வெளியே போகத் தடை. டிசம்பர் கச்சேரிகள் நெருங்கின. டாக்டர் சம்மதித்தால் சபாவுக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு.

"பிரமாதம் மாமா. தனியாவே போய்ட்டு வரலாம் போலிருக்கே" என்று டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"இன்னொரு லிஸ்ட் பாத்துடலாம் டாக்டர்" என்றேன். புதிய சொற்களை வாசித்துவிட்டு, மாமா ஒப்பிக்கத் தொடங்கியதும் மெல்லத் திரும்பினேன். எனக்குப் பின்னால் அவர் மனைவி அலமேலு மாமி உட்கார்ந்திருந்தார். கை கொண்டையைக் கோதியது. மாமா "சீப்பு" என்றார். விரல்கள் காற்றில் புள்ளி வைத்தன, "கோலம்" என்றார்.

"மாமி, பரீட்சை மாமாவுக்கு."

"கை சும்மா இருக்காதும்மா நேக்கு."

மாமியை வெளியே உட்காரவைத்து மூன்றாவது பட்டியலை வாசித்தேன். மாமா ஒரே ஒரு சொல்லைச் சொன்னார். பிறகு கதவுப் பக்கம் கைகாட்டி, "மீதியெல்லாம் அவகிட்ட இருக்கு" என்றார், மிகுந்த கண்ணியத்தோடு.

டாக்டர் மாமியை அழைத்தார். "மறுபடியும் தொலைஞ்சு போனார்னா என்ன பண்ணுவேள்?"

"ரிடையர் ஆனதுலேர்ந்து ஆத்துலயே இருக்கார் டாக்டர். குழம்புக்குப் புளி கரைச்சா ஒரு கேள்வி, கதவைச் சாத்தினா ஒரு கேள்வி. சாயந்தரம் ரெண்டு மணி நேரம் சபால உக்காந்தார்னா, நான் மூச்சு விட்டுப்பேன்."

"துணையில்லாம அனுப்பக் கூடாது மாமி."

மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "சரி. மாட்டுப்பொண் இவரைப் பாத்துக்கட்டும். சபாவுக்கு நான் போறேன்."

"சீசன் டிக்கெட் என் பேர்ல இருக்கு" என்றார் மாமா.

"அதை மட்டும் மறக்கலை பாருங்கோ."

அந்த டிசம்பரில் மாமிதான் போனார். மாமாவின் மதிப்பெண்களை ஆய்விலிருந்து நீக்கினோம். இத்துறைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சோதனையைத் தொடங்குமுன் அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களில் ஒருவரை மட்டும் அளப்பது எளிதல்ல.