ஓலை வாசிக்கும்போது உறங்கியவர்

என் கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று போதகர் அறிவிப்பார். ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்களில் கல்யாணம் கிடையாது. அந்த வருஷம் லெந்துக்கு முன்னால் மிச்சமிருந்தது மூன்றே ஞாயிறு. இங்கிலாந்தில் இரண்டு வருஷம் எக்ஸ்ரே வேலை படித்த மாப்பிள்ளை, கப்பலில் வந்தால் நாள் தப்பிவிடும் என்று பம்பாய்க்கும் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கும் விமானத்தில் வந்து, வெள்ளிக்கிழமை ஊரில் இறங்கினார். ஞாயிறு காலை ஆண்கள் பக்கத்து பெஞ்சில், தலை நெஞ்சில் விழ உறங்கினார்.

களைப்பு என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் ஓலைக்கு அவர் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அன்றைக்குக் குறட்டையே கேட்டது. பின் பெஞ்சில் இருந்த பெரியவர் விரலால் குத்தி எழுப்பினார்.

என் அப்பா வாழைக்குலை வியாபாரி. காயைச் சுண்டிப் பார்த்தே முற்றலா பிஞ்சா என்று சொல்லிவிடுவார். வீட்டுக்கு வந்ததும் மேல்துண்டை உதறிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "மக்கா, ஒரு வாட்டி உறங்கினா களைப்பு. ரெண்டு வாட்டி உறங்கினா பழக்கம். அபின் திங்கவன் கண்ணு மாதிரில்லா இருக்கு."

அத்தைக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு அடுத்த வீடு. அவள் கொண்டுவந்த சேதி இன்னும் மோசம். "ஏட்டி, ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மைட்ட சோறு கேக்கானாம். விடிய விடிய விளக்கு எரியுது, என்னமோ எழுதுதானாம். பொறவு உச்சி வரை உறக்கம். ஆந்தைக்கு வாக்கப்படப் போறியா?"

அபினை நான் அவ்வளவாக நம்பவில்லை. 'என்னமோ எழுதுதான்' என்பதுதான் முள்ளாகக் குத்தியது. யாருக்கு? கடல் தாண்டிப் போனவர்களைப் பற்றி எத்தனையோ கேட்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கற்றவள் நான். கைநாட்டு வைக்கிற வீட்டிலிருந்து பள்ளிக்கூட டீச்சராகப் போனவள். நான் ஏமாந்தால், 'படிச்சு என்னத்தைக் கிழிச்சா' என்று ஊர் சிரிக்கும். அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை, மறுநாள் கல்யாணம். தடை சொல்வதென்றால் அதற்குள் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை கல்யாண புத்திமதி சொல்லப் போதகர் எங்கள் இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். புத்திமதி முடிந்து அவர் உள்ளே போனார். அப்பா முற்றத்தில், காது கேட்கும் தூரத்தில் நின்றார். சுவர்க்கடிகாரம் நாலு அடித்தது. மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தரை. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அது எந்த ஊரு நேரம்?" என்றேன்.

"லண்டன் நேரம்."

"அங்க யாரு காத்திருக்கா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"யாருமில்ல, டீச்சர். போகும்போது கப்பல்ல ரெண்டு மூணு நாளுக்கு ஒருக்கா முள்ளைக் கொஞ்சம் பின்னால தள்ளச் சொல்லுவாங்க. மூணு வாரத்துல ஒடம்புக்குத் தெரியாமலே அஞ்சரை மணி கழிஞ்சுபோச்சு. திரும்பி வந்தது ஒரேயடியா. நம்ம சர்ச்சு மணி ஒம்பதுக்கு அடிக்கும்போது எனக்கு ராத்திரி மூணரை. இதத்தானே நீங்க பிள்ளையளுக்குப் படிச்சுக் குடுக்கிய?"

பதினைந்து பாகைக்கு ஒரு மணி என்று கரும்பலகையில் எத்தனை தீர்க்கரேகைக் கோடு போட்டிருப்பேன்! அந்தக் கோடு ஒரு மனுஷனின் கண்ணிமையில் வந்து உட்காரும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. வெட்கமாக இருந்தது. அதோடு இன்னொரு சந்தேகமும் எழுந்தது. எனக்குத் தெரிந்த பாடத்தை வைத்தே என் வாயை அடைக்கிறாரோ?

"ராத்திரி என்ன எழுதுதிய?"

"படிச்ச குறிப்பை நகல் எடுக்கேன். பாக்கணுமா?"

"பாக்கணும். ரெண்டு வாரமாச்சே, இன்னுமா ஒடம்பு சரியாகல்ல?"

"அம்மை ஜன்னலை அடைச்சிருதா. 'பிள்ளை உறங்கட்டும்'ணு உச்சி வரை ஒருத்தரையும் அண்ட விடமாட்டா."

என் அம்மா ஐந்து பெற்றவள். கைக்குழந்தைக்குப் பகலும் ராத்திரியும் மாறிப்போனால் காலை வெளிச்சத்தில் கொண்டுபோய்க் கிடத்துவாள். அந்தியில் கண் சொக்கினால் உள்ளங்காலில் ஈரக்கையை வைத்து எழுப்புவாள். நாலைந்து நாளில் சரியாகிவிடும். அதையே அவருக்கும் சொன்னேன்.

"நாளைக்கு விடியும்போது ஜன்னலைத் திறங்க. வெளிய நடங்க. பகல்ல பாயை விரிக்காதுங்க. முள்ளையும் மாத்துங்க."

"அம்மை சம்மதிக்கணுமே."

"ஒரு ஜன்னலைத் திறக்க அம்மைட்டச் சொல்ல முடியல்லண்ணா, நாளைக்கு எனக்காக என்ன சொல்லுவிய?"

முற்றத்தில் அப்பா இருமினார்.

வெள்ளிக்கிழமை அவர் அத்தையிடம் நோட்டைக் கொடுத்தனுப்பினார். முழுக்க எலும்புப் படங்களும் ஆங்கிலக் குறிப்புகளும். நடுவில் இரண்டு தாள் கிழிக்கப்பட்டிருந்தது. "ஜன்னல் திறந்துச்சா?" என்று கேட்டேன். "இல்லட்டி, அடச்சுத்தான் கெடக்கு" என்றாள் அத்தை. தடை சொல்ல வேண்டிய வார்த்தைகளை அன்றைக்கு மனதுக்குள் அடுக்கிப் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அத்தை மூச்சிரைக்க ஓடிவந்தாள். விடியற்காலையில் அவர் வீட்டில் ஒரே சத்தமாம். "வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கதுக்கு முன்னேயே எம்பிள்ளைய எழுப்புதாளா?" என்று அவர் அம்மா தலையிலடித்துக்கொண்டாளாம். அவர் ஜன்னல் கதவு இரண்டையும் விரியத் திறந்துவிட்டு, வயல் வரப்பில் நடந்து போனாராம். பத்து மணிக்கு மதகுமேல் உட்கார்ந்தபடியே உறங்கி, தண்ணீரில் முகத்தைக் கழுவிவிட்டு மறுபடியும் நடந்தாராம். அத்தை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இது ஞாயிற்றுக்கிழமைக்காகப் போடுகிற வேஷமாகவும் இருக்கலாமே.

மூன்றாம் ஓலை. அவர் கண் இரண்டும் சிவந்திருந்தன. இரண்டு தடவை தாடை தாழ்ந்தது, இரண்டு தடவையும் தானே நிமிர்ந்துகொண்டார். தடை உண்டா என்று போதகர் கேட்டபோது ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். கிழிந்த தாள்கள் நினைவுக்கு வந்தன. திறந்த ஜன்னலும் வந்தது. நான் வாய் திறக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போதகரிடம் போனேன். காலை ஒன்பதுக்கு வைத்திருந்த கல்யாணத்தைச் சாயங்காலம் நாலுக்கு மாற்ற வேண்டும் என்றேன்.

"பந்தி மத்தியானத்துக்குல்லா சொல்லியிருக்கு?" என்றார் போதகர்.

"பந்தி காத்திருக்கும், ஐயா. சம்மதமாண்ணு நீங்க கேக்கும்போது அவரு முழுசா முழிச்சிருக்கணும்."

அப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு போதகரிடம், "நாலுக்கே வையுங்க, ஐயரே. குலை பழுக்கட்டும்" என்றார்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு அவர் "சம்மதம்" என்றார். குரலில் தூக்கம் இல்லை. நான் அவர் கண்களை நன்றாகப் பார்த்தேன். போதகர் என்னிடம் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் நானும் "சம்மதம்" என்றேன்.