பவுடர் மணக்கும் கேமரா

புதுசு கட்டுப்படியாகாது என்று தஞ்சாவூர்க் கடை ஒன்றில் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லென்ஸில் கீறல் இல்லை. பட்டன்கள் எல்லாம் வேலை செய்தன. விலையும் என் கைக்கு அடக்கம்தான். பேட்டரி மூடியைத் திறந்தபோது முகப்பவுடர் மணந்தது.

கீழ்வேளூரில் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து வடிந்த வருடமும் இதே மணம்தான். நனைந்த டிவியை அப்பா மொட்டைமாடியில் காயவைத்தார். படம் வந்தது, சேற்று வாடை மட்டும் போகவில்லை. அத்தை அதன் பின்பக்கத் துளைகளில் பவுடரைத் தாராளமாகத் தூவினாள். வாங்க வந்தவர் குனிந்து முகர்ந்தார்.

"என்னங்க, டிவி குளிச்சிட்டு வந்த மாதிரி மணக்குது?"

"பாப்பா பவுடரைக் கொட்டிடுச்சுங்க," என்றார் அப்பா.

நான் கொட்டவே இல்லை. வாங்க வந்தவர் சிரித்து, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு டிவியைத் தூக்கிப் போனார். பொங்கல் வரைக்கும்கூட அது ஓடவில்லை.

கடைக்காரர் என் முகத்தைக் கவனித்துவிட்டார். "வித்தவர் வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு மேடம். பவுடரைக் கொட்டிடுச்சாம்."

மூடியைச் சாத்தி, கேமராவை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எந்த வெள்ளத்துலங்க?" என்றேன்.