ஈட்டி விழும் பக்கம்

விழுப்புரத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் எனக்கு வேலை. பிள்ளைகள் ஈட்டி எறிந்து பழகும்போது, அது விழும் பக்கத்தில் சிவப்புக் கொடியோடு நிற்பேன். கொடி மேலே இருந்தால் யாரும் குறுக்கே போகக் கூடாது. பிள்ளைகளும் கோச்சும் அந்தக் கோடியில் இருப்பார்கள். இந்தக் கோடியில் நான் மட்டும்.

கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிவிட்டு வரும் ஒருத்தி தினமும் மைதானத்துக்குள் நுழைவாள். திண்டிவனம் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடிக்க அதுதான் கிட்டம்.

"எம்மா, நில்லு. ஈட்டி வருது. இல்லன்னா மதிலச் சுத்திப் போ."

"இன்னாய்யா, உங்கப்பன் வூட்டு நெலமா? ஆட்டோ பூடும்."

"ஆட்டோ பூனா வேற வரும். நீ பூட்டா?"

"வந்துட்டாரு, எமன் வூட்டு வாட்ச்மேன்."

திட்டிக்கொண்டே நிற்பாள். கொடியை இறக்கியதும் ஒரு கை மல்லாட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அன்றைக்கு என்னோடு பேசியது அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

போன மாதம் கொடியைப் பார்த்தும் நிற்காமல் நடந்தாள். கத்தினேன். அவள் காலுக்கு முன்னால் ஈட்டி குத்தி நின்றது. வந்த வழியே திரும்பிவிட்டாள்.

இப்போது மதிலைச் சுற்றித்தான் போகிறாள். நான் சொன்னதும் அதைத்தான். மதிலுக்கு மேலே அவள் தலைமூட்டை மட்டும் தெரிகிறது. கொடியை இறக்கிப் பிடித்திருந்தாலும் அது நிற்காமல் போகிறது.