வியன்னாவில் ஒரு மணவறைக்காரன்

ரொறன்ரோவில் மாலை ஐந்தேமுக்காலுக்குப் புறப்பட்ட விமானம் எட்டரை மணித்தியாலம் பறந்து, மறுநாள் காலை எட்டேகாலுக்கு வியன்னாவில் இறங்கியது. அந்த எட்டரை மணித்தியாலத்தில் நானும் என் மகளும் பேசிக்கொண்டது மொத்தம் நாலு வசனம். அதில் இரண்டு, ஜன்னலோர இருக்கை யாருக்கு என்பதைப் பற்றியது.

கோபத்தின் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் இருபத்திரண்டு வருடமாக மணவறை போடுகிறவன். கலியாண வீடு, பிள்ளை பெரியவளானதற்கு வைக்கும் சாமத்திய வீடு, அறுபதாம் கலியாணம், எதுவென்றாலும் மேடையும் தூணும் வளைவும் என் பொறுப்பு. ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகையை வெட்டி, துணி ஒட்டி, சாந்து பூசி, பொன்வர்ணம் அடித்து நிறுத்தினால் பத்தடி தள்ளி நிற்கிறவர் அதைக் கோயில் தூண் என்றே சொல்லுவார். என் ஒரே மகள் மதுராவுக்கு வருகிற ஆவணியில் கலியாணம். அவளுக்கென்று ஒரு மணவறையை எத்தனையோ வருடமாக மனதுக்குள் கட்டிக்கொண்டிருந்தேன். பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பு, இரவுச் சாப்பாட்டு மேசையில், "அப்பா, என்ர கலியாணத்துக்கு உங்கட மணவறை வேண்டாம்" என்றாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பி, மல்வேர்னில் சாமான்கள் வைத்திருக்கும் ஸ்ரோருக்குப் போய் இருந்துவிட்டேன். காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். சின்ன வயதில் அவளுடைய சிநேகிதி ஒருத்தி என் தூண் ஒன்றை விரலால் தட்டிப் பார்த்து, "ஃபேக்" என்று சிரித்தாள். கூட நின்ற என் மகளும் சிரித்தாள். சின்னப் பிள்ளைகளின் சிரிப்புத்தான். ஆனால் தைத்தது தைத்ததுதான்.

இரண்டு நாள் கழித்து அவளே விமான ரிக்கற்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கலியாணத்துக்கு முன்னர் அப்பாவும் மகளும் மட்டும் நாலு நாள் வியன்னாவுக்குப் போகிறோமாம். அங்கே இருக்கிற தூண்களை நான் பார்க்கவேண்டுமாம். "வேண்டாம் எண்டுபோட்டு இப்ப லஞ்சம் தாறாளோ?" என்று மனைவி கமலாவிடம் கேட்டேன். "பேசாமல் போய் நாலு கோயிலைப் பாத்திட்டு வாங்கோ. உங்கட மூஞ்சையை இங்க வைச்சுப் பாக்கேலாமல் கிடக்கு" என்றாள் அவள்.

முதல் நாள், காலை 9.30. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு எஸ்-7 ரயில். ஆளுக்கு நாலு யூரோ நாற்பது சதம், இருபத்தைந்து நிமிட ஓட்டம். பிறகு சுரங்க ரயிலில் இரண்டு தரிப்பிடம் தள்ளிக் கார்ல்ஸ்பிளாட்ஸ் சதுக்கம். பெட்டிகளை விடுதியில் போட்டுவிட்டு வெளியே வந்தபோது மதுரா, "அங்க பாருங்கோ" என்றாள். பார்த்தேன். கோபமாக இருக்கிற மனிதன் வாயைத் திறந்துகொண்டு நிற்கக்கூடாது. நான் நின்றேன்.

பெரிய தடாகம் ஒன்றின் மறுகரையில் கார்ல்ஸ்கிர்க்க என்ற தேவாலயம். பச்சை பூத்த செம்புக் கூரையோடு நீள்வட்டக் குவிமாடம், எழுபது மீற்றர் உயரம். அதன் முன்னால் இரு பக்கமும் இரண்டு தனித் தூண்கள். எதையும் தாங்கவில்லை, சும்மா நிற்கின்றன. சும்மா நிற்கிற தூணுக்கு அடியிலிருந்து நுனிவரை சுற்றிச் சுற்றி ஏறும் சிற்ப வரிசை. ஒரு புனிதரின் கதையாம். நான் இரண்டையும் மூன்று முறை சுற்றினேன். எங்கள் மேடைகளிலும் பாரம் தாங்காத தூண்தான் அதிகம். அதற்கு இப்படி ஒரு கம்பீரம் கொடுக்கலாம் என்று இருபத்திரண்டு வருடத்தில் எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

உள்ளே போக ஒன்பதரை யூரோ. ஊரில் கொள்ளை நோய் வந்தபோது, அது நீங்கினால் கோயில் கட்டுவேன் என்று பேரரசர் ஒருவர் வைத்த நேர்த்தியாம். மதுரா தொலைபேசியில் வாசித்துச் சொன்னாள். பீடத்துக்கு மேலே முகில் கூட்டம், முகிலுக்குள்ளே பொற்கதிர் பாயும் சூரியன். முகிலைச் சாந்தில் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு முகிலும் அடுத்ததைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறுகிறது. மர வாங்கில் உட்கார்ந்து தலையைச் சாய்த்து, குவிமாடத்து ஓவியத்தைப் பார்த்தபடியே இருந்தேன். அங்கே வரையப்பட்டிருக்கிறவர்களின் கால்கள் விளிம்பைத் தாண்டித் தொங்குகின்றன. விழுந்துவிடுவார்களோ என்று கைகள் தாமாக உயர்ந்தன.

"அப்பா, ஒரு மணித்தியாலமாச்சு" என்றாள் மதுரா.

"இருக்கட்டும். ஒன்பதரை யூரோ குடுத்தது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரிக்கவில்லை. இன்னும் கோபத்தில்தான் இருந்தேன்.

இரண்டாம் நாள், காலை 10.00. பழைய நகரத்தின் ஒடுங்கிய தெருக்களுக்குள் இயேசு சபையாரின் தேவாலயம். நுழைவு இலவசம். வெளியே பார்த்தால் அரசாங்க அலுவலகம் மாதிரித் தட்டையான சுவர். உள்ளே கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். ரோஜா நிறத்திலும் பாசி நிறத்திலும் பளிங்குத் தூண்கள், பிழிந்த சேலையாக முறுகி முறுகி மேலே போகின்றன. தலையில் பொன் இலைகள். கூரை நடுவில் ஆழமான குவிமாடம், அதற்குள் வெளிச்சம்.

சாவிக்கொத்தோடு நின்ற வயதான காவலாளி நாங்கள் பார்ப்பதைப் பார்த்து வந்தார். ஆங்கிலத்தில் பேசினார். நடைபாதையில் பதித்திருந்த வெளிர் கல்லைக் காட்டி, அதில் நின்று பாருங்கள் என்றார். நின்றேன். குவிமாடம் இன்னும் உயர்ந்தது. "இனி முன்னால் நடந்து போய், திரும்பிப் பாருங்கள்." நடந்து போய்த் திரும்பினேன். குவிமாடம் சரிந்து, நெளிந்து, கூரையோடு ஒட்டிக்கொண்டது. அப்படி ஒன்று அங்கே இல்லவே இல்லை. முழுவதும் ஓவியம். முன்னூறு வருடத்துக்கு முன் ஒரு துறவி வரைந்தாராம்.

கல்லுக்கு ஓடினேன், குவிமாடம் எழும்பியது. விலகினேன், விழுந்தது. ஐம்பத்தெட்டு வயதுக்காரன் நாலைந்து முறை அப்படி ஓடினேன். காவலாளிக்கு இது பழக்கம்போல, பொறுமையாக நின்றார். பிறகு முறுகிய தூண் ஒன்றைக் காட்டி, தொட்டுப் பாருங்கள் என்றார். உள்ளங்கையை வைத்தேன்.

"பளிங்கு கையைக் குளிரச் செய்யும். இது செய்கிறதா?"

செய்யவில்லை. வண்ணம் குழைத்த சாந்தைப் பூசி, நாட்கணக்கில் மினுக்கியதாம். சாந்துதான். நான் பூசுகிற அதே சாதிச் சாமான். அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஏன் என்று அவருக்கு விளங்கியிருக்காது.

வெற்றியோடு மகளிடம் திரும்பினேன். "பாத்தியோ பிள்ளை? தூணும் ஃபேக். கூரையும் ஃபேக். உலகம் முழுக்கக் காசு செலவழிச்சு வந்து பாக்குது."

"ஓம் அப்பா. சரியான வடிவு."

"அப்ப என்ர மணவறையில என்ன குறை?"

அவள் என்னைத் திகைத்துப் பார்த்தாள். "உங்கட மணவறை ஃபேக் எண்டு நான் எப்ப சொன்னனான்?"

"உன்ர சிநேகிதி சொல்ல நீயும் சிரிச்சனி."

"அப்பா, எனக்கு அப்ப பதினொரு வயசு." அவள் எனக்கு முன்னால் வந்து நின்றாள். "அதுக்காகத்தான் நான் வேண்டாம் எண்டனான் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டு இருக்கிறியளோ?"

"வேற என்னத்துக்கு?"

"நீங்கள் கேக்கேல்லையே. எழும்பிப் போயிட்டியள்." சொல்லிவிட்டு அவள் வெளியே போய்விட்டாள்.

பின்னேரம் 2.30, அரண்மனை நூலக மண்டபம். நுழைவு பதினொரு யூரோ. ஏறக்குறைய எண்பது மீற்றர் நீளத்தில் தோல் அட்டைப் புத்தகங்கள், நடுவில் குவிமாடம், அடியில் பளிங்கு மன்னர்கள். பணியாள் ஒருவர் புத்தக அலுமாரி ஒன்றைத் தள்ளினார், அது கதவாகத் திறந்தது, உள்ளே அறை. வேறு நாளாக இருந்தால் அந்தக் கதவுப் பிணைச்சலை முழந்தாளில் இருந்து ஆராய்ந்திருப்பேன். அன்றைக்கு என் தலைக்குள் ஒரே கேள்வி. ஏன் வேண்டாம் என்றாள்? கேட்டால் சொல்லுவாள். சொன்னால் எனக்குத் தாங்குமோ என்று பயமாக இருந்தது. அவளுக்கு என்னைப் பிடிக்காதோ, மாப்பிள்ளை வீட்டார் ஏதும் சொன்னார்களோ என்று கண்டபடி யோசித்தேன். வழியில் ஒரு கோப்பிக்கு ஐந்து யூரோ எண்பது சதம் கொடுத்து, அதையும் ஆறவிட்டேன்.

மூன்றாம் நாள், காலை 9.15. 'டி' இலக்க ட்ராமில் பெல்வெடேர் அரண்மனைக்குப் போனோம். சரிவான தோட்டத்தின் உச்சியில் வெள்ளை மாளிகை, கீழே நகரம் முழுவதும் காலடியில். மேல் மாளிகையின் நுழைவு மண்டபத்தில் நான்கு பெரிய மனிதச் சிலைகள் உண்டு. நான்கும் குனிந்த கழுத்தோடு, பிடரியிலும் தோளிலும் கூரையைத் தாங்கி நிற்கின்றன. நரம்பு புடைத்திருக்கிறது, விலா எலும்பு தெரிகிறது. கூரை இடியப் பார்த்ததால் பிற்பாடு முட்டுக்கொடுக்கத்தான் இவர்களை நிறுத்தினார்களாம். இவை பாரம் தாங்குகிற தூண்கள். ஆட்கள் இவர்களைத் தாண்டி, அண்ணாந்து வெள்ளைச் சாந்து வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டு மாடிக்கு ஏறிப்போகிறார்கள். நான் ஒருவனின் காலடியில் நின்று அவன் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு பாரத்திலும் அவன் முகத்தை அழகாகத்தான் செதுக்கியிருக்கிறார்கள்.

இதற்குமேல் என்னால் முடியவில்லை. "மதுரா, ஏன் என்ர மணவறை வேண்டாம்?"

அவள் அந்தச் சிலையைக் காட்டினாள். "உது நீங்கள்தான் அப்பா. அதுதான் வேண்டாம்."

எனக்கு விளங்கவில்லை.

"என்ர சாமத்திய வீடு ஞாபகம் இருக்கோ? மேடையின்ர பின்பலகை சரியப் பாத்தது."

ஞாபகம் இருந்தது. ஆராத்தி தொடங்குகிற நேரத்தில் பலகையின் ஒரு கால் உடைந்துவிட்டது. மாற்ற நேரமில்லை. பின்னால் நின்று இரண்டு மணித்தியாலம் நானே தாங்கிப் பிடித்தேன். "நான் பிடிச்சிருக்காட்டி உன்ர தலையில விழுந்திருக்கும், பிள்ளை."

"தெரியும். அந்த வீடியோவை நான் எத்தினை தரம் பாத்திருப்பன் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? அம்மா நிக்கிறா, மாமா நிக்கிறார், பக்கத்து வீட்டு அன்ரிகூட நிக்கிறா. நீங்கள் ஒரு இடத்திலயும் இல்லை. பலகையின்ர கரையில நாலு விரல் மட்டும் தெரியுது. அது என்ர அப்பா எண்டு எனக்கு மட்டும்தான் தெரியும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு மணவறை வேணும் அப்பா. வடிவான பெரிய மணவறை வேணும். ஆனா நீங்கள் போட்டா, ஐயர் தாரை வார்க்கக் கூப்பிடேக்க நீங்கள் ஏணியில நிப்பியள். சீரியஸா சொல்லுறன். அம்மாவுக்குப் பக்கத்தில உங்கட கதிரை வெறுமையாக் கிடக்கும்."

இல்லை, வந்து இருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் வரவில்லை. என்னை எனக்குத் தெரியும். தாலி கட்டும்போதுகூட ஒரு தூண் அரை அங்குலம் சரிந்திருந்தால் என் கண் அங்கேதான் போகும். எத்தனை நூறு பிள்ளைகளுக்குத் தாலி ஏறியதைப் பின்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என் பிள்ளையின் முகத்தையும் அப்படித்தான் தவறவிட்டிருப்பேன். அந்த மண்டபத்தில், பத்தொன்பது யூரோ ரிக்கற்றோடு வந்த சனங்களுக்கு நடுவில், நான் விக்கி விக்கி அழுதேன். மதுரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். காவலுக்கு நின்ற பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

பிறகு மாடிக்கு ஏறினோம். செம்பளிங்கு மண்டபத்தில் உயர்ந்த ஜன்னல்கள் ஊடாக வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. கூரை ஓவியத்தில் வானம் திறந்திருந்தது. அங்கே எது கல், எது சாந்து என்று நான் ஆராயவில்லை. மகளோடு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவு அழகை என் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

நாலாம் நாள், சனிக்கிழமை காலை 8.40, வியன்னா விமான நிலையம். எங்கள் ரொறன்ரோ மண்டபங்களை நினைத்தேன். நெடுஞ்சாலையோரம், டயர்க் கடைக்கும் தளபாடக் கடைக்கும் நடுவில், தட்டைக் கூரையும் சதுரச் சுவருமாக நிற்பவை. வெள்ளி இரவு வெறும் பெட்டியாக இருப்பதைச் சனி காலைக்குள் சொர்க்கம் ஆக்குகிறோம், ஞாயிறு கழற்றி லொறியில் ஏற்றுகிறோம். இந்த ஊர்க்காரர் முன்னூறு வருடம் நிற்கச் செய்ததை நாங்கள் ஒரு நாளைக்குச் செய்கிறோம். இந்தத் தொழிலை நினைத்து அன்றைக்குப் பட்ட பெருமையை நான் முன்னர் பட்டதில்லை.

ஸ்காபரோவுக்குப் பக்கத்தில், மார்க்கம் நகரில், ரூபன் என்று ஒருவன் இருக்கிறான். ஏழு வருடம் என்னோடு வேலை பழகி, பிரிந்து போய், தனியாக மணவறை போடத் தொடங்கினவன். ஐந்து வருடமாக அவனோடு எனக்குப் பேச்சில்லை. கைராசிக்காரன், கோபமும் அதனால்தான். ரொறன்ரோவில் அப்போது அதிகாலை இரண்டே முக்கால். ஆனால் சனிக்கிழமைக் கலியாணத்துக்கு மேடை கட்டுகிற எவனும் அந்த நேரத்தில் விழித்துத்தான் இருப்பான். அவனுக்கு அழைப்பு எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"அண்ணை? என்ன இந்த நேரம்? ஏதும் பிரச்சினையோ?"

"ஒண்டுமில்லை. ஆவணியில மதுராவுக்குக் கலியாணம். மணவறை நீதான் போடவேணும்."

அவனுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது.

"உங்கட மகளுக்கு நான் போடுறதோ அண்ணை?"

"ஓம். உனக்கு என்ன வடிவாத் தெரியுதோ, அப்பிடிப் போடு."

"சரி அண்ணை. கட்டாயம் போடுறன்." பிறகு, பழைய பழக்கத்தில் கேட்டான்: "அண்டைக்கு விடிய எத்தினை மணிக்கு வந்து செக் பண்ணுவியள்?"

"நான் வரமாட்டன் ரூபன்" என்றேன். "நான் பொம்பிளையின்ர தகப்பன். பொம்பிளையோட காரில வந்து இறங்குவன்."