மூச்சு விழுந்த கண்ணாடி

கண்ணுகளா, இது நான் கட்டிச் சொல்லும் கதை இல்லை. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பிரேமிளாவுக்குப் போன மழைக்காலத்தில், பட்டப்பகலில் நடந்தது.

கண்டியில் முஹைதீன் முதலாளியின் பழம்பொருள் கடையில் அவளுக்கு வேலை. அன்று மேசைமேல் ஒரு பழைய பேப்பர்வெயிட். கைக்கு அடங்கும் கட்டிக் கண்ணாடி. வண்ணக் கண்ணாடிக் கம்பிகளை உருக்கி இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, பூப்பூவாக அடுக்கி, மேலே தெளிந்த கண்ணாடியை வார்த்திருந்தார்கள். உள்ளே ஒரு குமிழிகூடக் கிடையாது. அந்தச் சுத்தத்துக்காகவே பேராதனையிலிருந்து ஒருவர் வாங்க வந்துகொண்டிருந்தார். இது விற்றால்தான் கடை தப்பும். அவள் வேலையும் தப்பும்.

"ஈரத் துணியால மட்டும் தொடைங்க மகள்" என்று சொல்லிவிட்டு முதலாளி திகனைக்குப் போயிருந்தார்.

குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கரண்டும் இல்லை. எரிச்சலோடு, மூக்குக் கண்ணாடிக்கு ஊதுவதுபோல 'ஹா' என்று ஊதித் துடைத்தாள். பளிச்சென்றானது.

துணியை மடிப்பதற்குள் மறுபடி பனி பூத்தது. துடைத்தாள். பூத்தது. சனியன் பிடித்த மழை ஈரம் என்று முணுமுணுத்தபடி அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை.

விரலால் தடவினாள். வெளிப்பக்கம் காய்ந்திருந்தது.

பனி உள்ளே...

கட்டிக் கண்ணாடிக்குள் ஏது இடம்?

ஆத்திரத்தில் இன்னும் பலமாக ஊதினாள். 'ஹா.'

கொஞ்சம் பொறுத்து... 'ஹா.'

அவள் வாய் மூடியிருந்தது.

பனி விலகியது. நடுப்பூவின் மேல் ஒரு குமிழி.

பேராதனைக்காரர் வந்து பார்த்தார். "நீங்க அனுப்பின படத்துல இந்தக் குமிழி இல்லயே" என்று போய்விட்டார். பிரேமிளா ஏச்சுக்குத் தயாராக நின்றாள். திரும்பி வந்த முதலாளி ஏசவில்லை.

"வாயால ஊதினீங்களா?"

"தண்ணி வரல மொதலாளி. வேற என்ன செய்ய?"

அவர் அலுமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். யார் கேட்டும் விற்காதது. அதே பூக்கள். நடுவில் ஒரு குமிழி.

"இது சர்மிளா தொடச்சது."

பிரேமிளாவுக்கு முன் அதே கதிரையில் இருந்தவள் சர்மிளா. மூச்சுத் திணறிச் செத்தவள்.

"முன்னமே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

சர்மிளாவின் குமிழி அசையவில்லை. மற்றது மெல்ல விரிந்தது... சுருங்கியது...

பிரேமிளா மூச்சைப் பிடித்தாள்.

அதுவும் நின்றது.

கடையை மூடுமுன்பே வேலையை விட்டுவிடு என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள், கடைக்குக் கொண்டுபோக.

"நான் விட்டுட்டா அந்தக் கண்ணாடிய யாரு பாத்துக்குவா, பெரியம்மா?"